பென்சில் வட்டம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று அப்பாவிடம் சொல்லாதது: காபியில் சர்க்கரை இல்லை.

அம்மா ஏப்ரலில் அண்ணன் ஷ்ரவணின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போனதிலிருந்து காலைக் காபி அப்பா போடுகிறார். அவருக்குச் சர்க்கரை கூடாது. இரண்டு டம்ளருக்கும் ஒரே கலவைதான். முதல் நாளே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் – இல்லை, வராது. அவர் என்னிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்.

"காபி ஆச்சு" என்று சமையலறைச் சுவரிடம் சொல்வார். "பால் வந்துடுத்து." "கேஸ் தீரப் போறது." எல்லாம் பொது அறிவிப்புகள், ரயில் நிலையத்தில் போல. அந்த மேடையில் நிற்பது நான் ஒருத்திதான்.

ஜூலை 12, சனி

அடையாறில் கைசர் ஜஹான் மேடம் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். மேடம் வார நாட்களில் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறார். சனிக்கிழமை எங்களைப் போன்ற ராக்கெட் பைத்தியங்களை மேய்க்கிறார். மார்ச்சில் என் ஒற்றை அடுக்கு ராக்கெட் பறந்துவிட்டது. அடுத்து இரண்டு அடுக்கு செய்யப்போகிறேன் என்றேன். மருந்து அடைத்த மோட்டாரைத் தவிர கடையில் வாங்கிய பாகம் எதுவும் இல்லாமல், குழாயிலிருந்து பாராசூட் குடை வரைக்கும் என் கையால்.

"இன்னா ஜானு, கீழ் வீடு கட்டி கிரகப்பிரவேசம்கூட ஆவல, அதுக்குள்ள மாடி எழுப்புறியா?" என்றான் வாஜித். ராயப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக.

"அக்டோபர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை" என்றார் மேடம். "மழை ஆரம்பிக்கறதுக்குள்ள. அனுமதி வாங்கியாச்சு. மோட்டார் எல்லாம் என் கையிலதான் இருக்கும், அங்க வந்துதான் தருவேன். வீட்ல யாரும் எதையும் கொளுத்திப் பார்க்கக் கூடாது. வாஜித், உன்னத்தான் சொல்றேன்."

"நான் இன்னா மேடம் பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் சொல்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். எதற்கு எனக்கு இது? பிப்ரவரியில் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை சுஹாஸை வேண்டாம் என்று சொன்னபோது அப்பா "ஏன்?" என்று கேட்டார். அவன் நல்லவன். படித்தவன். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. என்னிடம் மரியாதையாகப் பேசினான். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலப்பா" என்றேன். அது பொய்யில்லை. "தெரியாமலேயே ஒரு மனுஷனை வேண்டாம்னு சொல்லுவியா நீ?" என்றார். அவர் என்னை நீ என்று கூப்பிட்டுக் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ராக்கெட்டில் "தெரியல" என்பதற்கு இடமில்லை. எது விழுந்தாலும் ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

பி.வி.சி. பைப்பின் மேல் பழுப்புக் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றினேன். முதல் குழாய் பைப்பைவிட்டு வர மறுத்தது. இரண்டாவது வந்தது, ஆனால் வாழைப்பழம்போல் வளைந்து. மூன்றாவது நேராக இருக்கிறது. காதில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். ஏதோ சொல்வதுபோல் ஒரு சத்தம்.

மேஜையில் செய்தேன். சாப்பாட்டு மேஜை எப்போது இரண்டாகப் பிரிந்தது என்று நினைவில்லை. ஜன்னல் பக்கத்துப் பாதி அப்பாவுடையது: ஹிந்து பேப்பர், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு. சுவர்ப் பக்கத்துப் பாதி என்னுடையது: நான் திருத்தும் பாடப்புத்தகங்களின் அச்சுப் பிரதிகள், இப்போது பசை, கத்தரி, பால்சா மரத் தகடு. பசைச் சொட்டு ஒன்று அவர் பக்கம் விழுந்தது. நான் துணி எடுத்து வருவதற்குள் அவரே துடைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று என் குரல் கறிகாய்க்கார பேச்சியம்மாளிடம் மட்டும் பயன்பட்டது. "கொத்தமல்லி கொசுறு போடலையே?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துருவப் பயணிகள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பனிக்காலம் முழுவதும் ஒரே கூடாரத்தில் அடைந்துகிடந்தவர்கள். பசியோ குளிரோ அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவன் சூப்பை உறிஞ்சும் சத்தம்தான் தாங்க முடியாமல் போனதாம். எங்கள் கூடாரத்தில் அந்தத் தொந்தரவுகூட இல்லை. அப்பா சத்தமே இல்லாமல் சாப்பிடுகிறார்.

கீழ் அடுக்கின் இறக்கைகளை ஒட்டியாயிற்று. மேல் அடுக்கின் இறக்கைகளைவிட இவை பெரிதாக இருக்கவேண்டும். முழு ராக்கெட்டின் எடை முன்னாலும், காற்றின் பிடி பின்னாலும் இருந்தால்தான் அது நேராகப் போகும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுஹாஸின் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது.

அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சுஹாஸின் அப்பாவும் இவரும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர்கள். ரிடையர் ஆனபின் தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சேர்ந்து நடந்தவர்கள். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு நடந்துவந்தால் வெற்றிலை போட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். குங்குமச் சிமிழோடு நேரில் வந்து கூப்பிட வேண்டியவர்கள். கூரியரில் அனுப்பினால், வரவேண்டாம் என்று அர்த்தம்.

இன்று அப்பாவிடம் சொல்லாதது: என்னாலதானே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று முகூர்த்தம். காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டார். மயில்கண் வேஷ்டி கட்டிக்கொண்டார். பிறகு தன் பாதி மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பதினொரு மணிக்கு வேஷ்டியை மாற்றி மடித்து வைத்துவிட்டு, "சாதம் வடிச்சாச்சு" என்றார்.

பிப்ரவரிக்குப் பிறகு அவர் பூங்காவுக்குப் போவதில்லை. கோயில் குளத்தைச் சுற்றித் தனியாக நடக்கிறார். அவருக்கு வேறு சிநேகிதர் யாரும் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு இல்லாததைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று துளைகள்.

இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். கீழ் மோட்டார் எரிந்து முடியும்போது அதன் தலைப்பக்கம் உடைந்து தீத்துகள்கள் மேலே பாயும். அவை மேல் மோட்டாரின் வாயில் போய் விழுந்தால் அது பற்றிக்கொள்ளும். என் ராக்கெட்டில் இரண்டுக்கும் நடுவே, கீழ் அடுக்கோடு சேர்ந்தாற்போல், ஒரு சாண் நீளத்துக்கு வெற்றுக் குழாய். வெற்று என்றாலும் உள்ளே காற்று இருக்கிறது. அதற்கு வெளியேற வழி இல்லையென்றால், தீ போய்ச் சேரும் முன்பே காற்று நெருக்கி இரண்டு அடுக்கையும் பிரித்துத் தள்ளிவிடும். மேல் அடுக்கு பற்றாமலே பிரிந்து போய், கல்லைப்போல் கீழே வரும். அதனால் குழாயின் மேல் விளிம்புக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு சின்னத் துளைகள்.

எதிரெதிராக வரவேண்டுமே என்று அளந்து, பென்சிலால் ஒரு ரூபாய்க் காசைச் சுற்றி வட்டம் வரைந்து, நடுவில் துளையிட்டேன். வட்டத்தை அழிக்கவில்லை. வெள்ளைப் பெயின்ட்டின் மேல் அழகாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா வீடியோ காலில். குழந்தை அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்பாட்ட பேசினியோடி?"

"ம்."

"என்ன பேசினே?"

"கேஸ் தீரப் போறதுன்னு சொன்னார்."

"அது அவர் பேசினது. நீ என்ன பேசினே?"

அவள் திரும்பி வருவது தள்ளிப்போகிறது. அங்கே மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாளாம்.

போனை வைத்துவிட்டு, அப்பாவைப் போலவே சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "அக்டோபர் அஞ்சாம் தேதி இதைப் பறக்க விடறோம்." பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான்.

எனக்கு என்ன வேண்டும் என்று இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். இது பறக்க வேண்டும். பறந்தால், வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கும். பதில் தெரிந்த ஒரு விஷயம். ஏன் பறந்தது என்று அவர் கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பசையும் காகிதமும்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. அம்மா இல்லாததால் இந்த வருஷம் கொலு இல்லை. பூஜையாவது வேண்டுமே என்று அப்பாவே மணையைக் கழுவிக் கோலம் போட்டார். கோலம் கோணலாக இருந்தது. "புஸ்தகம் வெக்கணும்" என்று அறிவித்தார். மூன்று புத்தகங்களை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்க்கிறேன் – மணைமேல் பட்டுத் துண்டு, அதன்மேல் புத்தகங்கள், அம்மாவின் சுருதிப் பெட்டி, அப்பாவின் பழைய பேனா, அவற்றுக்கு நடுவே குறுக்காக என் ராக்கெட். என் மேஜைப் பாதியிலிருந்து அவரே எடுத்து வைத்திருக்கிறார். மூக்கில், இறக்கைகளில், நடுக் குழாயில் எல்லாம் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் ஒன்றொன்றுதான். இதற்கு மட்டும் இத்தனை.

நான் கதவோரம் நின்றேன். அவர் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டை என் பக்கமாகத் திருப்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தட்டு என் பக்கம்தான் திரும்பியது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. மறுபூஜை முடிந்து மணையிலிருந்து ராக்கெட்டை எடுத்தேன். பொட்டுகளைத் துடைக்கவில்லை. வாஜித் சிரித்தால் சிரிக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

எரியல. ரெண்டாவது எரியவே இல்ல.

வரிசையாக எழுதுகிறேன். விடியற்காலையில் அடையாறு டிப்போ வாசலிலிருந்து வேன். மதுராந்தகத்துக்கு அப்பால், முள்ளுச்செடி மட்டும் முளைத்த பொட்டல். மற்றவர்களுடைய ஒற்றை அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் வந்தன. கைதட்டல். பிறகு என்னுடையது. வாஜித் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை ரெடி" என்றான்.

மேடம் மோட்டார்களைக் கையில் தரும்போது கேட்டார்: "துளை ரெண்டும் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மேடம்."

பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டுதான் தெரிந்தது. அப்பா வைத்த பொட்டு. எவ்வளவு வட்டமாக, நடுவில் குங்குமம் கொஞ்சம்கூடச் சிதறாமல் – அதைத்தான் பார்த்தேன். பொட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று என் மூளைக்குத் தோன்றவே இல்லை. நான் அளந்து போட்ட துளை. நானே.

கிளம்பினது நேராகத்தான் கிளம்பிச்சு. கீழ் அடுக்கு எரிஞ்சு முடிஞ்ச இடத்துல சின்னதா ஒரு டப். ரெண்டும் பிரிஞ்சுது. அப்புறம் தீ இல்ல. புகை இல்ல. மேல் அடுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் மேல போய், சோம்பேறித்தனமா திரும்பி, மூக்கைக் கீழ நீட்டிண்டு வந்து முள்ளுக்குள்ள குத்திண்டுது.

மோட்டார் எரியாமல் உள்ளே இருந்ததால் மேடம் யாரையும் கிட்டே விடவில்லை. காத்திருந்தோம். வெயில். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்கள்.

கீழ் அடுக்கைத் தூக்கிவந்த வாஜித் அதை வானத்தின் பக்கம் பிடித்து உள்ளே பார்த்தான். "இன்னா ஜானு, ஓட்டை அடைச்சிக்கினு கீது? சந்தனமா?" நகத்தால் தொட்டுப் பார்த்தான். "கல்லு மாதிரி காஞ்சிருக்கு. ரெண்டுமே."

"யார் வெச்சது?" என்றார் மேடம்.

"நான்தான்" என்றேன்.

வாஜித் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, "எங்க அம்மியா இருந்தா தாயத்தே கட்டிவுட்டிருப்பாங்க, அது இன்னும் மோசம்" என்றான். சிரிப்பு வந்தது எல்லோருக்கும். அவனை நான் நல்லவன் என்று இதுவரை எழுதியதில்லை. எழுதுகிறேன்.

வேனில் வரும்போதுதான் புரிந்தது. அப்பா ஏன் அங்கே வைத்தார்? நான்தான் வட்டம் போட்டிருந்தேனே. காசளவு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பொட்டு வைக்க இடம் காட்டியதுபோல். இவளுடைய சாமானில் இவளே குறித்திருக்கிறாள், அங்கேயே வைப்போம் என்று நினைத்திருப்பார். எவ்வளவு கவனம்.

வீட்டுக்கு வந்தேன். கதவை அவர்தான் திறந்தார். என் கையிலிருந்த நசுங்கிய மூக்கைப் பார்த்தார். பார்த்துவிட்டு –

"என்ன ஆச்சு?"

என்னிடம். சுவரிடம் இல்லை. என் முகத்தைப் பார்த்து.

"ரெண்டாவது பத்திக்கலப்பா."

"ஏன்?"

எட்டு மாதமாக இதற்காகத்தானே காத்திருந்தேன்? காரணம் தெரியும். கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அந்தப் பொட்டு, இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே பேச்சு. அதைப் போய் எப்படி, உங்களாலதான் என்று திருப்பிக் கொடுப்பேன்?

"தெரியலப்பா" என்றேன்.

அவர் முகம் இறுகுவதைப் பார்த்தேன். "ஒனக்கு எதுதான் தெரியும்?" என்றார். சத்தமாகக்கூட இல்லை. உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

"காபி ஆச்சு" இன்று இல்லை. டம்ளர் மட்டும் மூடிபோட்டு என் பாதியில் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அப்பா விடியற்காலையிலிருந்து போனில். ஷ்ரவணிடம், அம்மாவிடம், பெங்களூர் அத்தையிடம், எல்லோரிடமும் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார். தலையில் எண்ணெய் ஊற எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கவில்லை.

சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போனேன். மந்தைவெளி முழுக்க ராக்கெட். எல்லாம் ஒரே அடுக்கு. எல்லாம் பறந்தன.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. உடைந்த மேல் அடுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கீழ் அடுக்கை மட்டும் பீரோவின் மேல் வைத்திருக்கிறேன். துளைகளைச் சுரண்டலாம் என்று இரண்டு முறை ஊசியை எடுத்தேன். சுரண்டவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பார். பிறகு பேசியிருப்போம். சொல்லாததால் அவருக்கு வருத்தம் இல்லை, பேச்சும் இல்லை. இதில் எது கருணை என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் தெரியவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அச்சகத்திலிருந்து ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம் வந்திருக்கிறது. "காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும்" – இந்த வாக்கியத்தைத் திருத்த ஒன்றுமில்லை.

ஜனவரி 3, சனி

கைசர் மேடம் போன் செய்தார். "பிப்ரவரி எட்டு. வர்றியா, இல்ல அந்த ஒரு சந்தனத்தோட சந்நியாசம் வாங்கிட்டியா?"

வருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போது பறந்தாலும் போய்ச் சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் பி.வி.சி. பைப்பை எடுத்துத் துடைத்தபோது கைக்கு நன்றாக இருந்தது. கைக்கு மட்டும்.

இரண்டு அடுக்கையும் புதிதாகவே செய்யப்போகிறேன். பழைய குழாய் பீரோ மேலேயே இருக்கட்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கும்போது இரண்டு பேரும் அடுப்படியில்தான் நின்றோம். "பொங்கிடுத்து" என்றார். இது யாரிடம் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

துளையிட்டேன். இட்டபின் பென்சில் வட்டங்களை அழித்துவிட்டேன்.

அப்பா தன் பாதியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரப்பரால் நான் தேய்த்தபோது பேப்பர் கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது.

பிப்ரவரி 7, சனி

எல்லாம் தயார். ராக்கெட்டை என் பாதி மேஜையில், பழைய தாவணியின் மேல் கிடத்தியிருக்கிறேன். நாளை வேன் விடியற்காலையில். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பை கட்டுவதைப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடியற்காலையில் எழுந்து வந்தால் சமையலறையில் வெளிச்சம். அப்பா குளித்து, விபூதி இட்டுக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் ராக்கெட். மூக்கின் நுனியில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு, இன்னும் ஈரம். வேறெங்கும் இல்லை. நடுக் குழாயின் இரண்டு துளைகளிலும் ஒவ்வொரு ஊதுவத்திக் குச்சி செருகியிருந்தது. மருந்து உதிர்த்த வெறும் மூங்கில் குச்சி. கை தவறிச் சந்தனம் சொட்டினாலும் துளைக்குள் இறங்காமல் இருக்க.

நான் அறைக்குள் போய் நாற்காலி போட்டு ஏறிப் பீரோவின் மேலிருந்த பழைய குழாயை எடுத்தேன். தூசி துடைத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு துளைகளும் சுத்தமாக, எதிர்ச் சுவரைக் காட்டின. பென்சில் வட்டங்கள் மட்டும் அப்படியே.

எப்போது சுரண்டினார்? பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போதா? அதற்கு முன்னாலேயா? எத்தனை நாளாகத் தெரிந்துவைத்துக்கொண்டு என் எதிரே சாப்பிட்டார்? நான் சொல்லாமல் இருந்ததை அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். காபியை வைத்தார். குடித்தேன். செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து குரல்.

"குச்சியை எடுத்துட்டு அனுப்பு. மறந்துடாதே."

மறந்துடாதே. எனக்குச் சொன்னது.

"சரிப்பா. நீங்களும் வரேளா? வேன்ல இடம் இருக்கு."

"இல்ல, நீ போயிட்டு வா." டம்ளரைக் கழுவிக்கொண்டே, "நான் வந்தா எனக்குப் படபடன்னு வரும்" என்றார்.

பொட்டலில் மேடம் கேட்கும் முன்பே இரண்டு குச்சிகளையும் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இன்னாது, இந்தத் தபா ஊதுவத்தியா?" என்றான் வாஜித். "படிப்படியா முன்னேறினு கீறே. அடுத்த தபா கற்பூரம்."

பற்றிக்கொண்டது. கீழ் அடுக்கு விலகிய அதே நொடியில் மேலே இன்னொரு வெள்ளைக் கோடு. அது போய்க்கொண்டே இருந்தது. தைல மரத் தோப்புக்கு மேலே ஒரு புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை. குடை விரிந்ததை யாரும் பார்க்கவில்லை. வெயில் சாயும்வரை தோப்பில் தேடினோம். கிடைத்தது கீழ் அடுக்கு மட்டும்.

கதவைத் திறந்தவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். "பத்திண்டுதுப்பா. மேல போனது கிடைக்கல."

"ஒசரமா?"

"கண்ணுக்கே தெரியல."

தலையை ஆட்டினார். என் கையிலிருந்த கீழ் அடுக்கை வாங்கி, துளையில் கண்ணை வைத்து என்னைப் பார்த்தார். துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது; அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அதையும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் சொன்னேன். "அப்பா, காபியில சக்கரை இல்ல."

"இன்னிக்கா?"

"அம்மா போனதுலேர்ந்து."

காபியை ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏன் சொல்லல?"

"தெரியலப்பா."

சர்க்கரை டப்பாவை எடுத்து, மேஜையின் நடுவைத் தாண்டி என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா மார்ச்சில் வருகிறாள். மேல் அடுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கீழ் அடுக்கு, கரியோடு, அப்பாவின் பாதியில் இருக்கிறது, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்.